உள்பக்கம் சாயும் கால்கள்

மண்ணூர்
3.6.2012, ஞாயிறு

தங்கமாரி அக்காவுக்கு,

செல்வி எழுதுகிறேன். நலமா என்று கேட்டால், "இப்பத்தான் கேக்கத் தோணிச்சாக்கும்" என்பாய். அதனால் கேட்கவில்லை. நான்கு தடவை போன் போட்டேன். நான்கு தடவையும் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிப்பதானாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி.

மூன்று வருடத்துக்கு முன்னால் பெட்டியும் கையுமாக வாலாஜாபாத்தில் உன் அறை வாசலில் வந்து நின்றேன். நீ கதவைச் சாத்தினாய். அதைப் பற்றி இப்போது சண்டை போட வரவில்லை. எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் டிரெய்னியாக இருக்கிறேன் என்று அம்மா சொல்லியிருப்பாள். மூன்று வருட ஒப்பந்தம் ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. எங்கள் பேட்சில் நாற்பது பெண்கள். பர்மனன்ட் ஆகப்போவது ஒரே ஒருத்தி. அதுவும் வேலை பார்த்து அல்ல, டென்னிஸ் ஆடி. சிரிக்காதே. எங்கள் ஜப்பான் மேனேஜருக்கு டென்னிஸ் என்றால் பைத்தியம். கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டியில் அவரோடு ஜோடி சேர்ந்து ஆட ஒரு பெண் வேண்டும். ஸ்போர்ட்ஸ் டேயில் நான் வளையப்பந்து ஆடியதைப் பார்த்துவிட்டு, விளையாட்டுப் பொறுப்பாளர் தணிகாசலம் சார் என்னைக் கூப்பிட்டு பேட்டைக் கையில் கொடுத்தார். கூடவே கவியா என்று ஒருத்தியையும் கூப்பிட்டார். சங்கரன்கோவில்காரி, எங்கள் ஹாஸ்டலில் பக்கத்து அறை. ஆகஸ்ட் 12 அன்று எங்கள் இரண்டு பேருக்கும் தேர்வு. ஜெயிக்கிறவள் இங்கே இருப்பாள். மற்றவள் ஊருக்கு பஸ் ஏறுவாள். ஊரில் எனக்கு என்ன காத்திருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆபீஸ்தான்.

ஆட்டம் நன்றாக வருகிறது. கால்தான் சதி செய்கிறது. எந்த ஷூ போட்டாலும் சுண்டுவிரல் பக்கம் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. பந்துக்குத் திரும்பும்போது கணுக்கால் உள்பக்கம் சாய்கிறது, ராத்திரி முட்டி வலிக்கிறது. தணிகாசலம் சார் நேற்று, "இன்னாம்மா, காலு உள்ளாண்ட மடங்குது? இப்டியே ஆடிக்கினு இருந்தா முட்டி பூடும்" என்றார்.

நீ ஷூ கம்பெனியில் இருக்கிறாய். எனக்கு ஒரு நல்ல ஜோடி சொல்லு, அக்கா. முடிந்தால் உள்ளே போடுகிற இன்சோலும் செய்து கொடு. வேறு யாரிடம் கேட்பேன்?

செல்வி


வாலாஜாபாத்
10.6.2012

இசக்கிசெல்விக்கு,

கடைசி வரி வரை படித்தேன். கிழிக்கவில்லை. கெஞ்ச வேண்டிய இடத்தில் கெஞ்சி, குத்த வேண்டிய இடத்தில் குத்தி, நன்றாகத்தான் எழுதுகிறாய். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் படித்தவள் அல்லவா. மூன்று வருடம் கழித்து என் ஞாபகம் உனக்குக் கால் வழியாக வந்திருக்கிறது.

கதவைச் சாத்தியதை எழுதியிருக்கிறாய். ஏன் சாத்தினேன் என்பதை விட்டுவிட்டாய். நான் எழுதுகிறேன். 2005 ஜனவரி, கோவில்பட்டி. வளையப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் நீயும் நானும் ஜோடி. மறுநாள் மாவட்ட இறுதி. ஜெயித்தால் மாநிலப் போட்டி, அதன் பிறகு எனக்குக் காலேஜில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம். கணுக்காலின் உள்பக்கம் வலிக்கிறது, யாரிடமும் சொல்லிவிடாதே என்று உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். காலையில் செல்லம்மாள் டீச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உன் காலு சரியில்லையாமே, உன் தங்கச்சியே சொல்லுதா" என்றார். என் இடத்தில் வேறொருத்தியை இறக்கினார்கள். நீ மாநிலத்துக்குப் போனாய், உனக்கு ஹாஸ்டல் சீட் கிடைத்தது. நான் அடுத்த மாதம் தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்தேன்.

இப்போது அதே கால் உனக்கும் வந்திருக்கிறது. அப்பாவுடைய கால் அது. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. மறைக்க மாட்டேன்.

ஆனால் கால் விஷயத்தில் எனக்குப் பொய் சொல்ல வராது. ஆறு வருடமாக இன்சோல் பிரிவில் இருக்கிறேன், கை தானாகச் சரியானதைத்தான் செய்யும். அதனால் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். குளித்துவிட்டு ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நடந்து பார். நடுவில் வளைவு விழாமல் முழுப் பாதமும் பதிந்தால் அது தட்டைப் பாதம். பழைய ஷூவைத் திருப்பிப் பார். குதிகாலின் உள்பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் நான் சொல்வது சரி. பிறகு காகிதத்தில் பாதத்தை வரைந்து அனுப்பு. ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் வரைய வேண்டும், அப்போதுதான் கால் வீங்கி முழு அளவில் இருக்கும். முழு எடையும் போட்டு நில். குனிந்து நீயே வரையாதே, எடை மாறிவிடும். வேறு யாராவது பென்சிலை நேராகப் பிடித்து வரையட்டும்.

தங்கமாரி


மண்ணூர்
17.6.2012

அக்கா,

படம் உள்ளே இருக்கிறது. இன்று லீவு. காலையில் எழுந்து, சாவகாசமாகக் கட்டிலில் உட்கார்ந்து நானே வரைந்தேன். அழகாக வந்திருக்கிறது அல்லவா?

நீ சொன்னபடி ஈரக்கால் வைத்துப் பார்த்தேன். அப்படியே தோசை வார்த்த மாதிரி முழுசாகப் பதிந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. காலையில் குளியலறையிலிருந்து வரும் எல்லோருடைய கால்தடத்தையும் பார்க்கிறேன். ஐம்பது பேரில் என்னைப் போல இன்னொருத்திக்குத்தான் இருக்கிறது. யார் தெரியுமா? கவியா. அவளும் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாள், பார்த்திருக்கிறேன். அவளுக்கு அது ஏன் என்று தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

டீச்சர் விஷயம். அப்போது எனக்குப் பதினைந்து வயது. உன் கால் நிஜமாகவே நொண்டியது. நீ ஆடியிருந்தால் இரண்டு பேரும் தோற்றிருப்போம். நான் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னதற்கு ஏழு வருடமாகத் தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறாய். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ரோஸ் கலரில் கிடைக்குமா? கவியா வெள்ளை போடுகிறாள்.

செல்வி


வாலாஜாபாத்
24.6.2012

செல்விக்கு,

படம் அழகாகத்தான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் போடலாம், ஷூ வாங்க உதவாது. சாயங்காலம் என்றேன், காலையில் வரைந்திருக்கிறாய். நில் என்றேன், உட்கார்ந்திருக்கிறாய். வேறு ஆள் என்றேன், நீயே வரைந்திருக்கிறாய். இதில் விரல்களுக்குக் கீழே அகலம் ஒன்பதரை சென்டிமீட்டர் இருக்கிறது. எடை போட்டு நின்றால் பத்தைத் தாண்டும். அந்த அரை சென்டிமீட்டர்தான் உன் ஷூவைக் கிழித்துக்கொண்டு வருகிறது. மறுபடி வரை.

பதினைந்து வயதுக் கதையை எனக்குச் சொல்லாதே. எனக்கு அப்போது பதினேழு. நான் கேட்டது வலியை மறைக்கத்தான். ஆடித் தோற்றிருந்தால் அது என் தோல்வி. நீ அதைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை. ஐந்து மில்லிமீட்டர் கெட்டித் தகடு ஒன்றை யாராவது அன்றைக்கு என் காலுக்கடியில் வைத்திருந்தால் நான் ஓடியிருப்பேன். அதே தகடு இப்போது என் கையில் ஒரு நாளைக்கு எண்ணூறு போகிறது. ஒவ்வொன்றாக எடுக்கும்போது உன் முகம்தான் வரும்.

ஷூவுக்கு வருகிறேன். ஓடுகிறவர்கள் போடும் ஷூவை வாங்காதே. அது நேராகப் போவதற்கு மட்டும். குதிகால் உயரமாக, பக்கவாட்டில் துணியாக இருக்கும். டென்னிஸில் பக்கவாட்டில்தான் ஓட்டம், கால் வெளியே வழியும். டென்னிஸ் ஷூ என்று கேட்டு வாங்கு. கையில் எடுத்ததும் மூன்று காரியம் செய். குதிகாலைச் சுற்றியுள்ள கப்பைக் கட்டைவிரலால் அழுத்து, அமுங்கக் கூடாது. முன்னும் பின்னும் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்கு, முறுகக் கூடாது. மடக்கிப் பார், விரல் இருக்கும் இடத்தில் மட்டும்தான் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வா.

பெண்கள் ஷூ எதுவும் உன் அகலத்துக்கு வராது. ஆண்கள் ஷூ வாங்கு, அதிலும் அகலம் என்று குறித்தது. குன்றத்தூரில் மலைக்குப் போகும் வழியில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் கடைகள் இருக்கின்றன. தையல் கோணல், பசைக் கறை உள்ளவை எல்லாம் அங்கேதான் வரும், ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. ரோஸ் கலர் கிடைக்காது. சாயங்காலம் போ.

தங்கமாரி


மண்ணூர்
8.7.2012

அக்கா,

திட்டாமல் படி. நீ எழுதியதைப் படித்தும் ஒரு கடையில் பையன் பேச்சைக் கேட்டு ரோஸ் கலர் ரன்னிங் ஷூ வாங்கினேன். ஆண்கள் ஷூ போட எனக்கு வெட்கமாக இருந்தது. நாலாம் நாள் பக்கவாட்டில் ஓடும்போது கால் ஷூவை விட்டுப் பாதி வெளியே வந்தது. தணிகாசலம் சார் ஒரு வாரம் உட்கார வைத்துவிட்டார். அந்த ஒரு வாரமும் கவியா அவரோடு தனியாக ஆடினாள். நான் திண்டில் உட்கார்ந்து பார்த்தேன். எரிச்சல் தாங்கவில்லை.

பிறகு குன்றத்தூர் போனேன். நீ சொன்ன மூன்றும் செய்தேன். கடைக்காரர், "இன்னாமா, ஷூ வாங்க வந்தியா, துணி துவைக்க வந்தியா" என்று கேட்டார். ஆண்கள் ஷூ, நீலம், அகலமானது, நாக்கில் தையல் கோணல். காலை விட்டதும் விரல் ஐந்தும் தனித்தனியாகப் படுத்துக்கொண்டன. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு ஷூ போட்டதில்லை. இதை நீ முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம் வந்தது. பிறகு, நான் எங்கே கேட்டேன் என்று தோன்றியது.

ஆனாலும் உள்பக்கம் சாய்வது நிற்கவில்லை. கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்சோல் வேண்டும், அக்கா. புதுப் படம் இதோ. வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து நின்றபடி வரைந்தது. பென்சில் பிடித்தது கவியா. வேறு யாரும் அந்த நேரத்தில் இல்லை. எதற்கு என்று கேட்டாள், ஊரில் செருப்புத் தைக்க என்றேன். நம்பிவிட்டாள், அவள் எதையும் நம்புவாள்.

இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

செல்வி


வாலாஜாபாத்
15.7.2012

செல்விக்கு,

இதோடு ஒரு ஜோடி. லைனில் ஓடுவது அல்ல, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசரிடம் கேட்டு நானே வெட்டி, தேய்த்துச் செய்தது. இரண்டு நாள் ஆனது. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. அரைகுறையாக ஒன்றைச் செய்ய என் கை வராது.

ஷூவோடு வந்த இன்சோலை உருவி எடுத்துவிட்டு இதைப் போடு. அதன் மேல் இதை வைக்காதே, குதிகால் உயர்ந்து இன்னும் ஆடும். கையில் எடுத்தாலே தெரியும், இது கெட்டி. உள்பக்கம் மேடாக இருக்கும், குதிகால் குழியாக இருக்கும். சாய்கிற காலை மெத்தையால் நிறுத்த முடியாது, மெத்தையோடு சேர்ந்து அதுவும் சாயும். முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்த முடியும்.

முதல் நாள் ஒரு மணி நேரம் போடு, மறுநாள் இரண்டு மணி. நடக்க மட்டும், ஆடாதே. நாலு நாள் உள்ளங்காலில் கல்லை வைத்துக் கட்டியது போல வலிக்கும். கழற்றிவிடாதே. ஐந்தாம் நாள் குறையும். பத்து நாளில் அது உள்ளே இருப்பதே தெரியாது. அதன் பிறகு ஆடு.

நீ தேர்வாக வேண்டும் என்று நான் கும்பிடவில்லை. நீ தோற்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும், தீப்பெட்டி ஆபீசில் என் பழைய இடத்தில் உட்கார வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. நீ விழுந்தால் சிரிப்பேன். ஆனால் என் கை செய்த பொருளால் நீ விழக் கூடாது.

தங்கமாரி


மண்ணூர்
22.7.2012

அக்கா,

மூன்று நாள் போட்டேன். நாலாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க முடியவில்லை. உள்ளங்காலில் நரம்பை யாரோ பிடித்து இழுக்கிறார்கள். லைனில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டியவள் நான். உனக்கு அது தெரியாதா?

இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. நீ தோற்க வேண்டும், விழுந்தால் சிரிப்பேன் என்று உன் கையாலேயே எழுதிவிட்டு, அதே கையால் செய்த கல்லையும் அனுப்பியிருக்கிறாய். அதற்கு மேலே நாலு நாள் பொறு, பத்து நாள் பொறு என்று மருந்துச்சீட்டு வேறு. பத்து நாளில் என் கால் போயிருக்கும், தேர்வும் போயிருக்கும். யார் காதில் பூ சுற்றுகிறாய்?

ஸ்ரீபெரும்புதூரில் ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போய்க் கேட்டேன். ஜெல் இன்சோல் ஒன்று கொடுத்தார்கள். விரலால் அழுத்தினால் அப்படியே அமுங்கி எழும்புகிறது. போட்டதும் வலி போன இடம் தெரியவில்லை.

நீ செய்த ஜோடி வீணாகவில்லை, கவலைப்படாதே. கவியாவுக்குக் கொடுத்துவிட்டேன். "எங்க அக்கா கையால செஞ்சது, உனக்கும் என் காலு மாதிரிதான், போட்டுக்கோ" என்று கொடுத்தேன். அவளுக்கு என்னைவிட ஒரு சைஸ் சின்னக் கால். விரல் பக்கம் நானே கத்தரிக்கோலால் அளவாக வெட்டிக் கொடுத்தேன். அழுதுவிட்டாள், பாவம். போட்டிக்காரிக்கு யார் இப்படிச் செய்வார்கள் என்றாள். வலித்தாலும் கழற்றாதே, நாலு நாள் கல் மாதிரி இருக்கும், பிறகு சரியாகும் என்று நீ எனக்கு எழுதியதை வரி மாறாமல் அவளிடம் சொன்னேன். நேற்றிலிருந்து நொண்டுகிறாள். கழற்றவில்லை.

எனக்குத் தோண்டிய குழியில் வேறொருத்தி விழப்போகிறாள். உனக்கு என்ன தோன்றுகிறது, அக்கா?

செல்வி


வாலாஜாபாத்
29.7.2012

என் செல்விக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று நாளாக அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்கு என் மேல் இவ்வளவு பயம் இருக்கிறது என்று நினைத்தபோது மனது கஷ்டமாகிவிட்டது. நான் எழுதிய எழுத்து அப்படி. யார் படித்தாலும் பயப்படுவார்கள்.

நீ செய்தது சரிதான். உன் கால் உனக்குத்தான் தெரியும். நான் கொஞ்சம் கெட்டியாகச் செய்துவிட்டேன் போலிருக்கிறது. ஜெல் நல்லது, மெத்தென்று இருக்கும், முட்டிக்கும் இதம். இப்போது பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் அதைத்தான் விரும்பிப் போடுகிறார்கள் என்று எங்கள் பிரிவிலும் பேசிக்கொண்டார்கள். தேர்வு வரைக்கும் அதையே போட்டு ஆடு, மாற்றாதே. கொஞ்சம் ஆடுவது போலத் தெரிந்தால் பயப்படாதே, பழகிவிடும்.

பழையதை எல்லாம் நானும் மறக்கப் பார்க்கிறேன். எத்தனை நாளைக்குத்தான் இரண்டு பேரும் இப்படி இருப்பது. நன்றாகச் சாப்பிடு. தேர்வுக்கு முதல் நாள் தலைக்குக் குளிக்காதே, உனக்குச் சளி பிடிக்கும்.

உன் அக்கா


மண்ணூர்
5.8.2012

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்சவல்லி அக்கா, எங்கள் வார்டன், கொண்டுவந்து கொடுத்தபோது திட்டு வாங்கத் தயாராகப் பிரித்தேன். படித்து முடித்து அழுதேன். அவர், "இன்னாடி, வூட்ல எதுனா ஆயிடுச்சா" என்று பயந்துவிட்டார். எங்க அக்கா பேசிட்டா என்றேன். என் அக்கா சளியைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது.

ஜெல்லையே போட்டு ஆடுகிறேன். ஓடித் திரும்பும்போது கால் ஒரு நொடி நழுவுவது போல இருக்கிறது. கணுக்கால் உள்பக்கம் சாயங்காலம் சூடாகிறது. புதன்கிழமை தணிகாசலம் சார் ஷூவை எடுத்து உள்ளே அழுத்திப் பார்த்துவிட்டு, "இது இன்னாம்மா, அல்வா மாதிரி கீது" என்றார். எங்க அக்கா ஷூ கம்பெனியில இருக்கா சார், அவளே நல்லதுன்னு எழுதியிருக்கா என்றேன். வாயை மூடிக்கொண்டார். நீ சொல்லியிருக்காவிட்டால் நானும் பயந்துதான் போயிருப்பேன்.

கவியா ஒரு வாரம் நொண்டினாள். இப்போது நொண்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடிக்கிறாள் என்று நினைக்கிறேன்.

பர்மனன்ட் ஆனதும் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வாலாஜாபாத்துக்கு வந்துவிடுகிறேன். கம்பெனி பஸ் அந்தப் பக்கமும் வருகிறது. அம்மாவையும் கூட்டிக்கொள்ளலாம். இந்தத் தடவை கதவைத் திறப்பாய் அல்லவா? டீச்சரிடம் அன்றைக்குச் சொன்னது தப்பு, அக்கா. உண்மைதான், ஆனாலும் தப்பு. நீ கடிதம் போட்ட பிறகுதான் இதை எழுத எனக்கு மனசு வந்தது.

உன் செல்வி


மண்ணூர்
15.8.2012

அக்கா,

உனக்கு இன்னும் தெரிந்திருக்காது.

முதல் செட்டில் நான்தான் முன்னால் இருந்தேன். நான்கு, இரண்டு. கவியா என் வலது பக்கம் தூரமாக ஒரு பந்து போட்டாள். ஓடிப் போய்க் காலை ஊன்றித் திரும்பினேன். ஷூ நின்றது. உள்ளே கால் நிற்கவில்லை. ஜெல்லோடு சேர்ந்து உள்பக்கமாகச் சாய்ந்து, கணுக்கால் தரையைத் தொடுகிற அளவுக்குப் போனது. சத்தம் எனக்கே கேட்டது. தணிகாசலம் சார்தான் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். தசைநார் கிழிந்திருக்கிறதாம், ஆறு வாரம் கட்டு, அதன் பிறகும் மூன்று மாதம் அதிக நேரம் நிற்கக் கூடாதாம்.

கவியா பர்மனன்ட். ஒரு தடவைகூட அவள் கால் சாயவில்லை, அக்கா. நான் தரையில் உட்கார்ந்து அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அக்கா செஞ்சது போட்டதுல இருந்து முட்டி வலியே இல்ல, செல்வி. பத்து நாளா பறக்குத மாதிரி இருக்கு. நீ குடுக்கலேன்னா நான் தோத்திருப்பேன்" என்கிறாள். நாலு பேர் முன்னால் சொல்கிறாள். எல்லோரும் என்னைத் தெய்வப் பிறவி போலப் பார்க்கிறார்கள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அப்படியானால் நீ செய்தது சரியான இன்சோல். வலிக்கும், பிறகு சரியாகும் என்று நீ எழுதியது எல்லாம் அப்படியே நடந்திருக்கிறது, அவள் காலில். அப்புறம் ஏன் ஜெல் நல்லது என்று எழுதினாய்? உனக்குத் தெரியாமல் எழுதிவிட்டாயா? தெரியாமல்தான் என்று ஒரு வரி எழுது, நான் நம்பிக்கொள்கிறேன்.

31-ஆம் தேதியோடு ஹாஸ்டலும் இல்லை. உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்காகச் சொல்லு, அக்கா. உட்கார்ந்து செய்கிற வேலை எதுவானாலும் செய்கிறேன். அதுவரை உன் அறையில் ஒரு மூலை போதும்.

செல்வி


வாலாஜாபாத்
26.8.2012

இசக்கிசெல்விக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கவியா இங்கே வந்திருந்தாள். அம்சவல்லியிடம் விலாசம் வாங்கியிருக்கிறாள். பால்கோவா கொண்டுவந்தாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, போட்டிக்கு இன்னொரு ஜோடி வேண்டும் என்று கேட்டாள். நிற்க வைத்து, பாதத்தை நானே வரைந்தேன். அவளுக்கு வலது கால் இடதைவிட அதிகம் சாய்கிறது, உன் அளவில் செய்ததில் அது சரியாக உட்கார்ந்திருக்காது. புதிதாகச் செய்துவிட்டேன். உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். நீ எதற்காகக் கொடுத்தாய் என்று நான் சொல்லவில்லை. அவள் உன்னைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கட்டும், அதைத் தாங்குவது உன் பாடு.

எங்கள் கம்பெனியில் ஆள் எடுப்பது உண்மை. எல்லாம் நின்று செய்யும் வேலை. நீ நிற்கும்போது எடுத்து முடித்திருப்பார்கள். அறை பற்றி எழுதியிருந்தாய். கதவு சாத்தித்தான் இருக்கிறது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். உன் 22-ஆம் தேதிக் கடிதம் வந்தபோது தேர்வுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. வெட்டியது போக மீதித் தகடு என் மேஜையிலேயே இருந்தது. இரண்டு சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு ஜோடி செய்திருக்கலாம். ஜெல்லைக் கழற்றி எறி என்று ஒரே வரி எழுதியிருந்தாலும் போதும். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். கவியாவின் காலை நொண்ட வைக்க என் எழுத்தை வரி மாறாமல் உபயோகித்ததாக எழுதியிருந்தாய். அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். மூன்று நாள் எழுதவில்லை. பிறகு வேறு கடிதம் எழுதினேன். மற்ற கடிதங்களை எல்லாம் ஒரே மூச்சில் எழுதினேன், அதற்கு மட்டும் நாலு காகிதம் கிழித்தேன். கால் விஷயத்தில் எனக்குப் பொய் வராது என்று எழுதியிருந்தேன் அல்லவா. அன்றைக்கு வந்தது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே, நீ விழுந்தாய் என்று கவியா சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. இரண்டு நாள் இருந்தது. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. வருத்தம் என்று எழுதச் சொன்னால் எழுத முடியாது, இன்னும் வரவில்லை.

இத்தனை நாளில் உனக்கு நான் எழுதிய கடிதங்களில் திட்டி எழுதியது எல்லாம் உண்மை. அன்பாக எழுதியது ஒன்றே ஒன்று, அது பொய். நீ மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு அதை மட்டும் நம்பினாய். தெரியாமல்தான் என்று ஒரு வரி கேட்டிருக்கிறாய். இரண்டாவது பொய்யும் எழுத எனக்குத் தெம்பு இல்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

31-ஆம் தேதி பஸ்ஸில் ஏறும்போது நல்ல காலை முதலில் வை. இறங்கும்போது கட்டுப் போட்ட காலை முதலில் வை. மாற்றி வைத்தால் மறுபடி கிழியும். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

தங்கமாரி